பசுமைப் படைப் பிள்ளைகளோடு ஊட்டித் தாவரவியல் பூங்காவுக்குப் போனபோது யாரும் சொல்லாதவை

பள்ளிப் பிள்ளைகளை ஊட்டிக்குக் கூட்டிப்போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும், "ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்க டீச்சர்" என்பார்கள். அதோடு சரி. பேருந்தை எப்படிப் பேசி முடிப்பது, சோதனைச் சாவடியில் என்ன கேட்பார்கள், வாந்தி எடுக்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மலை ஏறுவது எப்படி, பூங்காவுக்குள் போன பிறகு அந்தப் பிள்ளைகளை என்ன செய்ய வைப்பது என்று எனக்கு எவரும் சொல்லவில்லை. போன ஜனவரியில் இதையெல்லாம் நாற்பத்தாறு பிள்ளைகளோடு தனியாக நின்று தெரிந்துகொண்டேன். கையிலிருந்து 7,700 ரூபாய் போயிற்று. அதைவிட, பூங்காவில் இருந்திருக்க வேண்டிய நேரத்தில் பெரும்பகுதி சாலையிலேயே கரைந்ததுதான் இன்றுவரை மனதை அறுக்கிறது. அடுத்து யாராவது போவதாக இருந்தால் அவர்களுக்காவது உதவட்டும்.

ஈரோடு பக்கத்தில் ஓர் உதவி பெறும் பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். தேசிய பசுமைப் படைப் பொறுப்பும் என்னிடம்தான். மத்திய அரசு 2001-02இல் கொண்டுவந்த திட்டம் அது. பெரும்பாலான பள்ளிகளில் பாடம் நடத்துகிற ஆசிரியர்களில் ஒருவர் தலையில்தான் வந்து விழும். விதைப்பந்து வீசுவோம், மரக்கன்று நடுவோம், பிளாஸ்டிக் ஒழிப்புப் பேரணி போவோம். பிள்ளைகளுக்கு ஊட்டிப் பூங்காவைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. பலர் மலையே ஏறியதில்லை. தலைமையாசிரியர் ஒப்புதல், கல்வி அலுவலகத்தின் அனுமதி, பெற்றோர் ஒவ்வொருவரிடமும் சம்மதக் கடிதம் எல்லாம் வாங்கினேன். ஆளுக்கு 650 ரூபாய் வசூல். கூலி வேலைக்குப் போகிற அப்பா அம்மாக்கள் கொடுத்த பணம் அது. அதனால்தான் இந்தக் கணக்கை இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

வண்டியை ஒரு டிராவல்ஸ்காரர் மூலம் பேசினோம். 24,000 ரூபாய், "எல்லாம் சேர்த்து" என்றார். முன்பணம் 10,000 கொடுத்தோம். நீலகிரிக்குப் போக இ-பாஸ் வேண்டும், அதையும் தானே எடுத்துவிடுவதாகச் சொல்லி அதற்குத் தனியாக 500 வாங்கிக்கொண்டார். குடிதண்ணீர் பாட்டில் பெட்டிகளையும் வண்டியிலேயே ஏற்றிவிடுவதாகச் சொன்னார். புறப்படுவதற்கு முந்தைய இரவு பத்து மணிக்கு, கூட வரவேண்டிய உடற்கல்வி ஆசிரியர் போன் செய்தார். அவருடைய அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். அவர் என்ன செய்வார், பாவம். அந்த நேரத்தில் பயணத்தை நிறுத்தினால் முன்பணம் போய்விடும். பிள்ளைகள் ஏற்கெனவே பை கட்டி வைத்துவிட்டார்கள். நான் மட்டும் போவதென்று முடிவானது.

விடிகாலை நான்கு மணிக்கு வந்து நின்ற பேருந்து, நாங்கள் பார்த்துப் பேசிய பேருந்து இல்லை. பழைய வண்டி. "அந்த வண்டி வேற டிரிப்புக்குப் போயிருச்சுங்க டீச்சர், இதுவும் நம்ம வண்டிதான்" என்றார் ஓட்டுநர். அந்த இருட்டில், பெற்றோர்கள் டார்ச் அடித்துக்கொண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருக்கும்போது, வேறென்ன செய்ய முடியும்? மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு சோதனைச் சாவடிக்கு ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே இ-பாஸைக் கேட்டார்கள். நான் போனில் காட்டியதில் இருந்தது முதலில் பேசிய வண்டியின் எண். "இந்த வண்டிக்கு இது செல்லாதுங்க மேடம்" என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. டிராவல்ஸ்காரருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. எனக்குப் பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க, ஜன்னல் வழியாகப் பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பேருந்தை ஓரம் கட்டச் சொல்லி, புது எண்ணைப் பதிந்து, பாஸ் கைக்கு வந்து, வரிசையில் நகர்ந்து மேலே ஏறியபோது மணி எட்டேகால்.

இந்த இ-பாஸ் விஷயம் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் நடப்பில் இருக்கிறது. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அதற்குக் கட்டணமே கிடையாது. யாராவது அதற்கென்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அரசு இணையதளத்தில் வண்டி எண், எத்தனை பேர், போகிற நாள், வருகிற நாள் இவற்றைக் கொடுத்து நாமே பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் பாஸ் தேவையில்லை. 2025இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். ஆகவே கோடையை ஒட்டிப் போகிறவர்கள் கடைசி நேரத்துக்கு விட்டுவிடக் கூடாது. எந்த மாதம் போனாலும் பாஸ் வண்டி எண்ணோடு கட்டப்பட்டது. வண்டி மாறினால் பாஸும் மாற வேண்டும். அதனால் பேசி முடிக்கும்போதே வண்டியின் ஆர்.சி., தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், பர்மிட் நான்கையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எம்பரிவாஹன் என்கிற அரசுச் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் எது காலாவதி ஆகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். நம்பர் பிளேட் மஞ்சளாக இருக்கிறதா என்றும் பாருங்கள். "வண்டி மாறினால் முதல் நாள் மாலை ஆறு மணிக்குள் தெரிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்பணம் திருப்பித் தர வேண்டும்" என்று ஒரு வரி எழுதி, அவர்கள் லெட்டர்பேடில் கையெழுத்து வாங்குங்கள். நான் பேசியது எல்லாம் வாய்ப்பேச்சு. அந்த ஒரு வரி இருந்திருந்தால் எனக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் மிஞ்சியிருக்கும்.

அதே சாவடியில் இன்னொன்றும் நடந்தது. டிராவல்ஸ்காரர் ஏற்றிய தண்ணீர் பெட்டிகளை இறக்கச் சொன்னார்கள். நீலகிரி மாவட்டத்தில் ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் குளிர்பான பாட்டிலும் 2019லிருந்தே தடை. காட்டு வழியில் வீசப்படும் பாட்டிலையும் கவரையும் யானையும் மானும் மெல்லுகின்றன என்பதால் வந்த தடை. நான் வகுப்பிலேயே நடத்துகிற விஷயம். ஆனால் பெட்டிகள் பேருந்தின் அடிப்பகுதியில் இருந்ததால் என் கண்ணில் படவே இல்லை. பிளாஸ்டிக் ஒழிப்புப் பேரணியில் கோஷம் போட்ட பிள்ளைகள் முன்னால் அந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றாக இறங்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றது கொடுமை. பெரிய கேனும் எவர்சில்வர் டம்ளர்களும் வாங்க 1,100 ரூபாய் ஆனது. உங்கள் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள். ஊட்டியில் ஆங்காங்கே தண்ணீர் ஏ.டி.எம். வைத்திருக்கிறார்கள், அதில் நிரப்பிக்கொள்ளலாம். சாப்பாட்டைப் பாலித்தீன் கவரில் கட்டாமல் டிபன் பாக்ஸில் கொடுத்துவிடும்படி பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குன்னூர் மலைப்பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவதிலேயே ஆரம்பித்தது வாந்தி. ஒரு பிள்ளை எடுத்தால் பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கும் வரும். வாடைக்கு முன்வரிசைக்கும் வரும். என்னிடம் இருந்தது ஒரு பழைய செய்தித்தாள் கட்டும் ஒரு துண்டும்தான். ஆறாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "டீச்சர், வீட்டுக்குப் போயிரலாம் டீச்சர்" என்று முனகிக்கொண்டே வந்தாள். மூன்று இடங்களில் நிறுத்தினோம். முன்பின் தெரியாத ஒரு தேநீர்க்கடை அம்மா வெந்நீரும் எலுமிச்சம்பழமும் கொடுத்துக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அதனால் சொல்கிறேன், வாந்திக்கென்று தனியாகத் தயார் செய்யாமல் மலைக்குப் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். யார் யாருக்குப் பேருந்து ஒத்துக்கொள்ளாது என்று சம்மதக் கடிதத்திலேயே ஒரு கேள்வி சேருங்கள். அந்தப் பிள்ளைகளைப் பின்சீட்டில் உட்காரவைக்காமல் முன்பாதியில் உட்காரவைத்து, கையிலிருக்கும் போனையோ புத்தகத்தையோ பார்க்காமல் முன்னால் தெரியும் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிற்றோடும் வரக் கூடாது, பூரி வடை என்று எண்ணெய்ப் பண்டமும் கூடாது. இரண்டு இட்லி போதும். வாந்தி மாத்திரை வேண்டுமென்றால் பெற்றோர் டாக்டரைக் கேட்டுப் புறப்படுமுன் கொடுக்கட்டும். வளைவு வந்த பிறகு போட்டுப் பலனில்லை, ஆசிரியர் தன் இஷ்டத்துக்குக் கொடுக்கவும் கூடாது. மூடி போட்ட சிறு வாளி நான்கு, மரத்தூள் அல்லது மணல் ஒரு பை, பழைய துணி, மாற்றுச் சட்டை. இவ்வளவும் ஓட்டுநருக்குப் பின்னால் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். மாதவிடாய் அணையாடையும் ஒரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு இரண்டு பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது.

பூங்கா வாசலுக்குப் போனபோது பன்னிரண்டு மணி. ஒன்பதரைக்குப் போய்ச் சேர்வதாகத் திட்டம். அதற்கேற்பப் பூங்காவைச் சுற்றிக்காட்ட ஒத்துக்கொண்டிருந்த, அந்த ஊர்த் தாவரவியல் ஆசிரியர் ஒருவர் காத்திருந்து பார்த்துவிட்டுத் தன் வகுப்புக்குப் போய்விட்டார். எனக்கு இருந்தது நான்கு மணி நேரம், அதிலும் சாப்பாடு போக மூன்று. உள்ளே போனதும் பிள்ளைகளுக்கு முதல் ஏமாற்றம், பூவே இல்லை. காலண்டரில் வருகிற ஊட்டிப் பூக்கள் எல்லாம் மே மாத மலர்க் கண்காட்சிக்காக வளர்க்கப்படுபவை. ஜனவரியில் பாத்திகள் அப்போதுதான் தயாராகிக்கொண்டிருக்கும், புல்வெளியிலும் சில பகுதிகளில் ஆளை விட மாட்டார்கள். போதாததற்கு உறைபனிக் காலம். நாற்றுகள் கருகாமல் இருக்கக் கோத்தகிரி மிலார் என்கிற புதர்ச்செடியை வெட்டிவந்து பாத்திகளின் மேல் கூரை மாதிரி சாய்த்து வைத்திருந்தார்கள். ஒரு மிலாரைத் தூக்கிக் காட்டச் சொல்லித் தோட்டக்கார அம்மாவிடம் கேட்டேன். அடியில் விரல் நீள நாற்றுகள் பச்சென்று இருந்தன. வெளியே இருந்த புல் நுனி பழுப்பாகக் கருகியிருந்தது. பனி இலைக்குள் என்ன செய்கிறது என்று வகுப்பில் ஒரு மணி நேரம் சொன்னாலும் புரியாதது, அங்கே ஒரு நொடியில் புரிந்தது. பூவைப் பார்க்க வேண்டும் என்றால் மே மாதம். ஆனால் அப்போது கூட்டத்தில் பிள்ளைகளைக் கட்டி மேய்க்க முடியாது. செடி வளர்ப்பைக் காட்ட வேண்டும் என்றால் ஜனவரி, பிப்ரவரிதான் சரி என்பது என் கருத்து. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மலைப்பாதையில் மண் சரியும், அப்போது வேண்டவே வேண்டாம்.

பூங்கா ஏறக்குறைய 55 ஏக்கர், தொட்டபெட்டா மலைச்சரிவில் படிப்படியாக மேலே ஏறுகிறது. முழுவதையும் சுற்றிவிட வேண்டும் என்று நினைத்தால் பிள்ளைகள் நடந்து களைப்பதுதான் மிச்சம். நேரம் போய்விட்டதே என்ற தவிப்பில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நான்கைந்து இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். நல்ல நேரம் இருந்தாலும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று இப்போது அழுத்தமாகச் சொல்வேன். முதலில் கல்மரம். திருவக்கரையிலிருந்து கொண்டுவந்து வைத்தது, வயது 2 கோடி ஆண்டுகள். "டீச்சர், இது கல்லா மரமா?" என்று தொடங்கியது, இருபது நிமிடம் நகரவில்லை. மண்ணில் புதைந்த மரத்துக்குள் தண்ணீரில் கரைந்த சிலிக்கா இறங்கி, மரத்தின் இழை இருந்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தான் உட்கார்ந்து, வடிவம் மாறாமல் கல்லானது என்று சொன்னதும் ஒவ்வொருவராகக் குனிந்து வரிகளைத் தேடினார்கள். விழுப்புரம் பக்கத்துப் பள்ளிகளுக்கு ஒரு வார்த்தை: திருவக்கரைக் கல்மரப் பூங்கா உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது, 247 ஏக்கரில். கல்மரத்துக்காக ஊட்டி ஏற வேண்டாம்.

அப்புறம் காகிதப்பட்டை மரம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. கீழே உதிர்ந்து கிடந்த பட்டைத் துண்டு ஒன்றை ஒரு பையன் எடுத்துப் பிரித்தான். பிரிக்கப் பிரிக்க மெல்லிய ஏடு ஏடாக வந்துகொண்டே இருந்தது. கார்க் மரத்தின் தடித்த பட்டையையும் அதோடு சேர்த்துக் காட்டினேன். ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பட்டையை உரித்து எடுப்பார்கள், மரம் சாகாமல் மறுபடி பட்டை கட்டிக்கொள்ளும். ஏன் இந்த மரங்களுக்கு இப்படிப் பட்டை? காட்டுத் தீ அடிக்கடி வரும் ஊர்களில் வளர்ந்தவை இவை, உள்ளே இருக்கிற உயிரைப் பட்டை காக்கிறது என்று சொன்னபோது, "அப்ப நம்ம ஊரு வேப்பமரத்துக்கு?" என்று ஒரு கேள்வி வந்தது. பதிலை அங்கே சொல்லவில்லை. ஊருக்குப் போய்ப் பட்டையை அளந்து பார்ப்போம் என்றேன். குரங்கு ஏற முடியாத மரம் என்று காட்டப்படும் அரௌகேரியாவின் கூர்மையான இலைகளைப் பார்த்தோம். 1848இல் மெக்கைவர் என்கிற தோட்டக்கலை வல்லுநர் இந்தத் தோட்டத்தை வடிவமைக்கத் தொடங்குமுன், ஊட்டியில் குடியிருந்த வெள்ளைக்காரர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டுக் காய்கறிக்காகத் தொடங்கிய தோட்டம் இது என்பதையும் சொன்னேன். அதற்கு மேல் வரலாறு வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டேன்.

மூன்றரை மணிக்குத் தலை எண்ணினால் நாற்பத்தைந்து. மறுபடி எண்ணினேன். நாற்பத்தைந்துதான். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனைக் காணோம். அந்த நேரத்தில் என் உடம்பில் என்ன நடந்தது என்று எழுதத் தெரியவில்லை. காது அடைத்துவிட்டது. மற்ற பிள்ளைகளை விட்டுவிட்டுத் தேடப் போகவும் முடியாது, தேடாமல் நிற்கவும் முடியாது. தனியாகப் போனதன் உண்மையான ஆபத்து அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது. வாசல் காவலரிடம் அடையாளம் சொன்னேன், அவர் ஆளனுப்பினார். நாற்பது நிமிடம் கழித்து அவன் கிடைத்தான். மரங்களில் இருக்கும் பெயர்ப் பலகைகளை நோட்டில் எழுதிக்கொண்டே ஒவ்வொரு மரமாகப் போயிருக்கிறான். தனியாக நிற்பதைப் பார்த்த அதே தோட்டக்கார அம்மா, "இங்கயே இரு சாமி, உங்க டீச்சர் வருவாங்க" என்று பக்கத்தில் உட்காரவைத்து மிலார் அடுக்கக் கொடுத்திருக்கிறார். அவனைத் திட்ட மனம் வரவில்லை. அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

பதினைந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவராவது இல்லாமல் போகாதீர்கள். ஆசிரியர் கிடைக்காவிட்டால் பெற்றோரில் இரண்டு மூன்று பேரைக் கட்டணம் வாங்காமல் கூட்டிப்போங்கள். அதில் ஒருவராவது ஆண், பையன்களைக் கழிப்பறைக்கு அழைத்துப்போக. இரண்டு இரண்டு பேராக ஜோடி கட்டி, ஜோடியைக் காணாவிட்டால் உடனே சொல்ல வேண்டும் என்பதை ஒரே விதியாக வையுங்கள். ஆசிரியர் எண்ணை முழங்கைக்குக் கீழே பேனாவால் எழுதிவிடுங்கள். வழி தவறினால் வந்து நிற்க வேண்டிய இடம் இதுதான் என்று உள்ளே நுழைந்ததும் காட்டிவிடுங்கள்; கல்மரம் அதற்கு நல்ல அடையாளம். பெயர்ப் பலகையை எழுதச் சொல்வதே வேண்டாம். எழுதுகிற பிள்ளை தலை நிமிராது, கூட்டம் நகர்ந்துவிடும். ஆளுக்கொரு மரத்தைக் கொடுத்து, அதன் இலையை வரைந்து, பட்டையைத் தொட்டுப் பார்த்து எப்படி இருக்கிறது என்று இரண்டு வரி எழுதச் சொன்னால் போதும்.

இறங்கும்போது கோத்தகிரி வழி. ஓட்டுநருக்கு மலைப்பாதைப் பழக்கம் குறைவு என்பது அப்போதுதான் தெரிந்தது. பிரேக் சூடாகிக் கருகிய வாடை வந்ததும் அவரே பயந்து வண்டியை ஓரம் கட்டி ஆறவிட்டார். இறக்கத்தில் இரண்டாவது கியரில் வரச் சொல்லி வழியெல்லாம் பலகை வைத்திருக்கிறார்கள். அதைப் படித்துக் காட்டி, மெதுவாகவே வரச் சொன்னேன். மலைக்கு ஓட்டிப் பழகியவரா என்பதை முன்பணம் கொடுக்குமுன் கேட்டாக வேண்டும். இரவு பதினொரு மணிக்கு ஊர் வந்து சேர்ந்ததும், பெற்றோர் முன்னிலையில் ஓட்டுநர் ஒரு சீட்டை நீட்டினார். மலை ஏறியதற்கு 3,000, பேட்டா 1,200, பார்க்கிங்கும் மற்றதும் 900, வாந்தி கழுவ 1,500. தண்ணீர்ச் செலவு 1,100ஐயும் சேர்த்தால்தான் முதலில் சொன்ன 7,700. "எல்லாம் சேர்த்து" என்ற சொல்லில் இதெல்லாம் சேரவில்லையாம். அந்த நேரத்தில் தூங்கி விழுகிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு சண்டை போட மனமில்லாமல் கொடுத்துவிட்டேன். மறுநாள் பேசியதில் இ-பாஸுக்கு வாங்கிய 500 மட்டும் திரும்பி வந்தது. வாடகை பேசும்போது பேட்டா, பார்க்கிங், மலைக் கட்டணம், கழுவும் கூலி, நேரம் கடந்தால் எவ்வளவு என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதி வாங்குங்கள்.

ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டிய, சமவெளியில் இருக்கிற பள்ளிகளுக்கு ஊட்டி வரை போவது தேவையா என்று இப்போது யோசிக்கிறேன். குன்னூரில் 1874இல் தொடங்கிய சிம்ஸ் பூங்கா இருக்கிறது. ஊட்டிப் பூங்காவைவிடச் சிறியது, ருத்ராட்ச மரம் முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைச் செடிகொடிகள். மலைப்பாதையில் ஒரு மணி நேரமாவது மிச்சம்.  இந்த வருஷப் பிள்ளைகளுக்குச் சிம்ஸ் பூங்கா என்று தீர்மானித்திருக்கிறோம். வேப்பம்பட்டையை அளக்கும் வேலை வகுப்பில் நடந்துகொண்டிருக்கிறது. அந்த நோட்டையும் எடுத்துப்போவோம். பேருந்து வாடகைச் சீட்டில் பதினொரு வரிகள் எழுதிக் கையெழுத்து வாங்கியாயிற்று, உடன் வர மூன்று அம்மாக்களும் ஓர் அப்பாவும் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.